பாங்காக்கில் வேலை, மாதம் ஒரு லட்சம்

போன ஞாயிற்றுக்கிழமை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தப்பா பையன் வந்து நின்றான். வயது 25. பி.காம். (எங்கள் குடும்பத்தில் அது பரம்பரை வியாதி. எனக்கும் உண்டு.) சென்னையில் ஒரு கம்பெனியில் காலை முதல் சாயங்காலம் வரை இன்வாய்ஸ் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறான். பிடித்தம் போகக் கையில் வருவது 19,500. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில், சட்டையை மாட்டுவதானால் ஒருவர் வெளியே போய் நின்றால்தான் இன்னொருவர் மாட்ட முடியும் என்கிற ரூமில், இன்னொரு பையனோடு வாசம்.

“அண்ணா, நானும் உன்னை மாதிரியே கிளம்பறேன்” என்றான்.

வாயில் நுரையோடு “எங்கே?” என்றேன்.

“தாய்லாந்து. ஊர் சுத்தின மாதிரியும் ஆச்சு, சம்பாதிச்ச மாதிரியும் ஆச்சு. நாளைக்கு ராஜினாமா. லெட்டர் கூட டைப் அடிச்சு வெச்சுட்டேன்.”

கூடவே இன்னொரு காகிதத்தை நீட்டினான். பாங்காக்கில் ஏதோ ஒரு கம்பெனி. உத்தியோகத்தின் பெயர் ‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்’. சம்பளம் மாதம் 40,000 பாட், அதாவது நம் பணத்தில் ஒரு லட்சத்துக்குக் குறையாது. தங்க இடம் இலவசம். சாப்பாடு இலவசம். விமான டிக்கெட் இலவசம். இன்டர்வியூ வீடியோவில், மொத்தம் ஆறு நிமிஷம்.

“என்ன கேட்டான்?”

“டைப்பிங் ஸ்பீடு என்னன்னு கேட்டான். இங்கிலீஷ் வருமான்னு கேட்டான். அவ்வளவுதான்.”

நான் வேலை தேடிய காலத்தில், 3,000 ரூபாய் சம்பளத்துக்கு எடுத்தவன்கூட என்னை உட்காரவைத்து டெப்ரிஸியேஷன் எத்தனை வகை என்று கேட்டான். ஒரு லட்சம் கொடுக்கிறவன் ஒன்றுமே கேட்கவில்லை என்றதும் எனக்கு நுரை தொண்டையில் இறங்கிவிட்டது.

*

‘உன்னை மாதிரி’ என்று அவன் சொன்னதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. தப்பு என்னுடையது. 2024 நவம்பரிலிருந்து 2025 மார்ச் வரை நான் தாய்லாந்தில் சியாங் மாய் என்கிற ஊரில் இருந்தேன். அங்கிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்புக்கு ஒரு ஃபோட்டோ அனுப்பினேன். லேப்டாப், பக்கத்தில் இளநீர், பின்னால் தோய் சுதேப் மலை. அந்த ஒரு படத்தால் நான் எங்கள் வம்சத்தில் புராண புருஷன் ஆகிவிட்டேன். அத்தைகள் தங்கள் பிள்ளைகளைத் திட்ட என் பெயரைப் பயன்படுத்தினார்கள்.

ஃபோட்டோவில் விழாதவை சில உண்டு. அன்றைக்கு அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் சியாங் மாயில் ஒரு பாட்கூடச் சம்பாதிக்கவில்லை. மெல்போர்னில் மூன்று காபிக்கடை வைத்திருக்கும் ஒருவருக்குக் கணக்கெழுதினேன். இன்னும் எழுதுகிறேன். அவர் கொடுக்கும் ஆஸ்திரேலிய டாலர், சென்னையில் என் பாங்க் அக்கவுண்ட்டில் ரூபாயாக வந்து விழும். அதை நான் தாய்லாந்தில் பாட்டாக மாற்றிச் செலவழித்தேன். மூன்று தேசம், மூன்று நாணயம், நடுவில் ஒரு பி.காம். டாலர் பெருத்த ஊரிலிருந்து சம்பளம், செலவு சிறுத்த ஊரில் சாப்பாடு. இந்த இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதுதான் ‘ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிப்பது’ என்கிற சமாச்சாரம் முழுவதும். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

அந்த மெல்போர்ன்காரரைப் பிடிக்க எனக்கு 11 மாதம் ஆயிற்று. பிடித்தது சியாங் மாயில் இல்லை. சைதாப்பேட்டையில், மாடி ரூமில், ராத்திரி ராத்திரி விண்ணப்பம் போட்டு. 140 விண்ணப்பத்துக்கு 9 பதில், அதில் 7 பேர் ‘வேண்டாம்’ என்று மரியாதையாகச் சொன்னவர்கள். முதல் மூன்று மாதம் அவர் கொடுத்தது என் இன்டர்நெட் செலவுக்கே போதவில்லை. ஒரு வருஷம் ஒழுங்காகக் கணக்குக் கொடுத்த பிறகுதான், “நான் வேற ஊர்லேர்ந்து வேலை பார்த்தா உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டேன். “நீ சென்னையில் இருக்கிறாய் என்பதே எனக்கு அடிக்கடி மறந்துபோகிறது” என்றார்.

வேலையை மூட்டை கட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனேன். அங்கே போய்த் தேடவில்லை.

சியாங் மாயில் என்னைப் போல லேப்டாப்போடு திரிந்த நூற்றுக்கணக்கான பேரில் நான் பேசிப் பார்த்த எல்லோர் கதையும் இதுதான். பெர்லின்காரன் பெர்லின் கம்பெனிக்கு புரோகிராம் எழுதுகிறான். கொரியாக்காரி கொரியாவுக்குப் படம் வரைகிறாள். அந்த ஊர்க்காரர்களிடம் சம்பளம் வாங்கியவர் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. வாங்கவும் கூடாது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் வேலை செய்ய ஒர்க் பர்மிட் வேண்டும். இல்லாமல் செய்து மாட்டினால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அப்புறம் நாடு கடத்தல். இதற்கு மேல், வெளிநாட்டவர் தொடவே கூடாது என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். முடி வெட்டுவது, டூரிஸ்ட் கைடு உத்தியோகம், தாய் மசாஜ் எல்லாம் அதில் உண்டு. கணக்குப் பார்க்கும் தொழிலுக்கும் கட்டுப்பாடு இருப்பதைப் படித்தபோதுதான் பி.காமுக்கு இப்படி ஒரு அந்தஸ்தா என்று நெஞ்சு நிமிர்ந்தேன்.

*

“அப்ப நீ மட்டும் எப்படிப் போனே?” என்றான் தம்பி. நியாயமான கேள்வி.

2024 ஜூலை 15 முதல் தாய்லாந்து ஒரு புது விசா கொடுக்க ஆரம்பித்தது. டி.டி.வி. என்று பெயர். வெளியூர் முதலாளிக்கு வேலை செய்துகொண்டே இங்கே வந்து தங்குகிறவர்களுக்காக. ஐந்து வருஷத்துக்குச் செல்லும், ஒவ்வொரு தடவையும் 180 நாள் தங்கலாம். உள்ளூரில் வேலை பார்க்கக் கூடாது. இதே மாதிரி விசா பல தேசங்களில் உண்டு. எஸ்டோனியா 2020-லேயே ஆரம்பித்துவிட்டது. மலேசியா 2022-ல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் துறைக்காரர் என்றால் வருஷ வருமானம் 24,000 அமெரிக்க டாலர் காட்டச் சொன்னார்கள். பாலி தீவுக்கு ஆசைப்பட்டால் இந்தோனேஷியா 60,000 டாலர் காட்டு என்கிறது. அவ்வளவு வருமானம் இருந்தால் நான் எதற்குக் கணக்கெழுதுகிறேன்?

தாய்லாந்து கேட்டது வேறு மாதிரி. பாங்க்கில் 5 லட்சம் பாட் இருக்க வேண்டும். அன்றைய கணக்கில் 12 லட்சம் ரூபாய்க்கு மேல். என்னிடம் இருந்தது 3. மிச்சத்துக்கு அப்பா தன் ரிட்டயர்மென்ட் டெபாசிட்டை உடைத்து என் கணக்கில் போட்டார். அந்த ஐந்து மாதமும் தினம் ராத்திரி 9 மணிக்கு ஃபோன் செய்து, “சாப்டியா?” என்று ஆரம்பித்து, “அது அப்படியே இருக்கில்ல?” என்று முடிப்பார். அது என்றால் டெபாசிட்.

காலை ஐந்து மணிக்கு என் ஆபீஸ் ஆரம்பம். அந்தப் பருவத்தில் மெல்போர்ன் கடிகாரம் சியாங் மாயைவிட நான்கு மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே ஒன்பதுக்குக் கடை மானேஜர் ‘பால் சப்ளையர் பில் எங்கே?’ என்று கேட்கும்போது இங்கே ஐந்து. சென்னையிலேயே இருந்திருந்தால் மூன்றரை. (அமெரிக்காவுக்கு வேலை செய்கிற நண்பர்கள் நிலைமை இதைவிட மோசம். அவர்கள் வெளிநாட்டைப் பார்ப்பதே தெரு விளக்கு வெளிச்சத்தில்தான்.) மத்தியானம் ஒரு மணிக்கு நான் சுதந்திர மனிதன். இரண்டு பெஞ்சு போட்ட சிவப்பு வண்டி வரும், கை காட்டினால் நிற்கும். சோங்தேவ் என்பார்கள், ‘இரண்டு வரிசை’ என்றுதான் அர்த்தமாம். அதில் ஏறிப் போவேன். நான் சைவம். மஞ்சள் கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து போட்டிருந்தால் சைவக் கடை. அந்த ஒரு எழுத்தோடு என் தாய் மொழி (தாய்லாந்து மொழி) அறிவு நின்றுபோயிற்று.

ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் வெளியூர்க் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் கட்டணம் பிடித்தார்கள். ரூபாயில் ஐந்நூறைத் தாண்டும். முதல் வாரம் இது தெரியாமல் நம் ஊர் வழக்கப்படி ஆயிரம் ஆயிரமாக மூன்று தடவை எடுத்தேன். அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. கணக்குப் படித்தவனுக்குப் பேய் பிசாசு பயம் கிடையாது, பாங்க் சார்ஜ் பயம் உண்டு.

90 நாளுக்கு மேல் தங்கினால் இமிக்ரேஷனுக்கு ‘இன்ன விலாசத்தில் இருக்கிறேன்’ என்று தெரிவிக்க வேண்டும். மறந்தால் 2,000 பாட். அப்புறம் வரி. ஒரு காலண்டர் வருஷத்தில் தாய்லாந்தில் 180 நாள் ஆகிவிட்டால் நீங்கள் அவர்களுக்கு வரி விஷயத்தில் உள்ளூர்க்காரர். 2024 ஜனவரி முதல், வெளியே சம்பாதித்து உள்ளே கொண்டு வரும் பணமும் கணக்கில் சேரும். நம் ஊரிலோ, ஒரு நிதி ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தாலே நீங்கள் இங்கத்திய ஆள், உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குச் சொல்ல வேண்டும். நான் ஐந்து மாதத்தில் திரும்பியதால் அவர்களுக்கு அந்நியன், நமக்கு மண்ணின் மைந்தன். மெல்போர்ன் பணத்துக்கு ஒழுங்காக இங்கே வரி கட்டினேன். “வெளிநாட்டுல இருந்தா டாக்ஸ் கிடையாதாமே?” என்று கேட்கிறவர்களுக்கு இதை ஒவ்வொருவராகச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இங்கே ஒரே ஒரு தடவை அச்சில் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் பொங்கல் வந்தது. யாரிடமாவது தமிழ் பேசியாக வேண்டும் என்று ஆகிவிட்டது. ராத்திரி ரயில் பிடித்து பாங்காக் போய், ஸீலோம் ரோட்டில் 19-ம் நூற்றாண்டில் நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயில் வாசலில் நின்றேன். சுற்றிலும் தாய்லாந்துக்காரர்கள் மாலையும் தட்டுமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பூசாரியிடம் “எந்த ஊர்ங்க?” என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சாம்பிராணிப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி கடைசியில் சியாங் மாயில் நிஜமாகவே புகை. சுற்றுப்பட்ட வயல்களிலும் காடுகளிலும் தீ வைக்கிற பருவம். ஃபோட்டோவில் எனக்குப் பின்னால் இருந்ததே மலை, அது காணாமல் போயிற்று. மார்ச்சில் நான் முகமூடி போட்டுக்கொண்டு டெபிட் கிரெடிட் எழுதினேன். அந்தப் படத்தையும் குரூப்பில் போட்டிருக்க வேண்டும்.

*

அந்த மார்ச்சில்தான், சாப்பாட்டுக் கடை டி.வி.யில் மே சோட் என்கிற ஊரைப் பார்த்தேன். அதே தாய்லாந்தின் மேற்கு எல்லை. மொய் என்று ஓர் ஆறு. அந்தக் கரை மியான்மரின் மியாவாடி. அங்கே சுவர் எழுப்பி, காவல் போட்டு, உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர். பெண் பெயரில் பொய் விலாசம் வைத்து அயல்நாட்டுக்காரர்களிடம் மாதக்கணக்கில் சாட் செய்து, கிரிப்டோவில் பணம் போட வைத்து ஏமாற்றும் தொழில். அதற்கு ஆள் வேண்டும். ஆள் எப்படி வருவான்? பாங்காக்கில் வேலை என்று வரவழைப்பார்கள். விமான நிலையத்தில் கார் நிற்கும். கம்பெனிக்குத்தான் போகிறோம் என்று ஏறினால் கார் 500 கிலோமீட்டர் மேற்கே போகும். ராத்திரியில் ஆற்றைக் கடத்துவார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். திரும்ப வேண்டுமானால் பணம் கட்டு என்பார்கள். மறுத்தால் அடி.

2022 அக்டோபரில் அங்கிருந்து மீண்ட 13 தமிழர்கள் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கினார்கள். 2025 பிப்ரவரியில் தாய்லாந்து அந்தக் கரைக்குப் போகும் மின்சாரம், இன்டர்நெட், எரிபொருள் மூன்றையும் நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே விடப்பட்டார்கள். மார்ச் 10, 11 இரண்டு நாளில் நம் விமானப்படை விமானங்கள் மே சோட்டிலிருந்து 549 இந்தியர்களை ஏற்றி வந்தன. டி.வி.யில் அவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருவன் தோளில் மாட்டியிருந்த லேப்டாப் பையைப் பார்த்தேன். என் பை மாதிரியே இருந்தது.

2022 செப்டம்பரிலேயே நம் வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இன்ன பெயரில் வேலை தருவதாகச் சொல்வார்கள், நம்பாதீர்கள் என்று. அதில் போட்டிருந்த உத்தியோகத்தின் பெயரைத் தம்பியிடம் செல்ஃபோனில் எடுத்துக் காட்டினேன்.

‘டிஜிட்டல் சேல்ஸ் அண்ட் மார்க்கெட்டிங் எக்ஸிக்யூட்டிவ்.’

அவன் தன் காகிதத்தைப் பார்த்தான். செல்ஃபோனைப் பார்த்தான்.

“பேரைக்கூட மாத்தலையே அண்ணா” என்றான்.

*

ஏஜென்ட்டுக்கு ஃபோன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் வைத்தான். நான் பையனின் மாமா என்று சொல்லிக்கொண்டேன். அந்தக் குரலில் தேன் ஒழுகியது.

“சார், கவலையே படாதீங்க. நம்ம பசங்க மாதிரி பாத்துக்கறோம்.”

“என்ன விசா சார்?”

“டூரிஸ்ட்தான் சார். அங்க போய் மாத்திக்கலாம். எல்லாரும் அப்படித்தான்.”

“நான்-இமிக்ரண்ட் பி விசா இங்கேயே எடுத்துக் கொடுத்துடலாமே? வேலைக்குப் போறவங்களுக்கு அதுதானே?”

“அது லேட் ஆகும் சார்.”

“உங்க ஏஜென்ஸி ரிஜிஸ்டர் நம்பர்?”

“கம்பெனி நேரடியா எடுக்குது சார். நாங்க சும்மா உதவிதான்.”

“சரி, ஏற்கெனவே போன பையன் ஒருத்தன் நம்பர் குடுங்களேன். பேசிக்கறோம்.”

ஒரு சின்ன இடைவெளி.

“ட்யூட்டில ஃபோன் அலவ்ட் இல்லை சார்.”

தம்பி ஃபோனைக் கட் செய்தான். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகுதான் சொன்னான், அவன் ரூம் மேட்டுக்கும் இதே கடிதம் வந்திருக்கிறது, அவன் 80,000 கட்டிவிட்டான், வியாழக்கிழமை டிக்கெட் என்று.

நான் லுங்கியை மாற்றினேன்.

*

மேன்ஷன் மூன்றாம் மாடி. ரூம் மேட் புது சூட்கேஸுக்குப் பூட்டு போட்டுப் பழகிக்கொண்டிருந்தான். அரியலூர்ப் பக்கம். இவனும் பி.காம். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், 35,400-ஐத் தாண்டக் கூடாது. இவன் 80,000 வாங்கியிருக்கிறான் என்றேன். இ-மைக்ரேட் என்று அரசாங்க வலைத்தளத்தில் ஏஜென்ட் பெயர் இருக்கிறதா பார்க்கலாம் என்றேன். பத்தாவது பாஸ் செய்யாதவன் தாய்லாந்துக்கு வேலைக்குப் போனால் நம் குடியேற்ற அதிகாரி பேப்பரைப் பார்த்துத்தான் விடுவார். பாஸ் செய்த நமக்கு அந்தத் தடங்கல் கிடையாது, கேட்க ஆளில்லாமல் நேரே போய் விழலாம், இதுதான் படிப்பின் பலன் என்று ஒரு ஜோக்கும் அடித்துப் பார்த்தேன். சிரிக்கவில்லை.

“சார், நீங்க போயிட்டு வந்துட்டீங்க” என்றான். “ஃபோட்டோ பாத்தேன். உங்களுக்கு உங்கப்பா டெபாசிட் இருந்துச்சு. எங்கப்பாவுக்கு இருக்கறது கடன். அந்த 80,000 அம்மா வளையலை வெச்சு வாங்கினது. நான் இங்கயே உக்காந்து எப்ப மீட்கறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நாலு பக்கம் எழுதுகிறவன், ஒரு வார்த்தை வரவில்லை. 3 லட்சம் வைத்திருந்தவனை 12 லட்சக்காரனாக்கிக் காட்ட எனக்கு ஓர் ஆள் இருந்தார். ஏஜென்ட் இவனிடம் வருகிறான், என்னிடம் வரவில்லை. அதுவும் கணக்குதான்.

கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டேன். “போங்க. வேண்டாங்கல. விமானத்துக்கு முந்தி ஏஜென்ட்கிட்ட ஒரு மெசேஜ் மட்டும் போடுங்க. உங்க ரிஜிஸ்டர் நம்பர் வேணும், ஒர்க் விசா வந்தப்புறம்தான் ஏறுவேன்னு. சரியான ஆளா இருந்தா ரெண்டும் அனுப்புவார்.”

போட்டான். நீல டிக் வந்தது. பதில் இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஏஜென்ட்டின் ஃபோட்டோ மறைந்து, வெறும் சாம்பல் வட்டம் வந்தது. இவனைப் பிளாக் செய்துவிட்டான். மூன்று பேரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை அவன் போகவில்லை. 1930-க்கு ஃபோன் செய்து, போலீஸிலும் எழுதிக் கொடுத்திருக்கிறான். 80,000 இதுவரை வரவில்லை. கிண்டியில் அரசாங்கத்தின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. அங்கே பெயரைப் பதிய வைத்தேன். தம்பிக்கு வேறு ஒரு வழி உண்டு. 2024-லிருந்து ஆஸ்திரேலியா, 18 முதல் 30 வயது வரை உள்ள இந்தியர்களில் வருஷத்துக்கு 1,000 பேருக்குக் குலுக்கல் முறையில் ஒரு விசா தருகிறது. ஒரு வருஷம் ஊர் சுற்றிக்கொண்டே, பழம் பறித்தோ, ஓட்டலில் தட்டு எடுத்தோ, சட்டப்படி சம்பாதிக்கலாம். ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. சீட்டு கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். விழுந்தால் 5,000 டாலர் கையிருப்பு காட்ட வேண்டும் என்றதும் தம்பி என்னைப் பார்த்தான். நான் அப்பாவை நினைத்துக்கொண்டேன். (எனக்கு வயது 30 தாண்டியாயிற்று. இல்லாவிட்டால் இந்தத் தகவலை அச்சில் போட்டிருப்பேனா?)

ராஜினாமா லெட்டர் இன்னும் அவன் செல்ஃபோனில்தான் இருக்கிறது. தேதி மட்டும் போடவில்லை என்கிறான்.

வெள்ளிக்கிழமை அவர்கள் இரண்டு பேரையும் வீட்டுக்கு வரச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்தேன். மெல்போர்ன்காரர் எனக்கு முதன்முதலில் வைத்த பரீட்சை மாதிரியே நான் தயாரித்தது. ஒரு மாத பாங்க் ஸ்டேட்மென்ட், ஒரு மாத லெட்ஜர், இரண்டையும் டாலி பண்ண வேண்டும். தம்பி ஒரு மணி நேரத்தில் “பசிக்குது அண்ணா” என்றான். ரூம் மேட் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

“சார், எல்லாம் சரியா வருது. ஒரு 42 டாலர் மட்டும் இடிக்குது. ராத்திரி பூரா தேடிட்டேன்.”

உள்ளே வரச் சொல்லி, காபி கலந்து கொடுத்துவிட்டு ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில், மிகச் சின்ன எழுத்தில் இருந்த வரியைக் காட்டினேன்.

பாங்க் சார்ஜ். நான் அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று.